ஒன்பதாவது கையெழுத்து

மே 9, செவ்வாய்

இந்த வீட்டுக்கு மூலப்பத்திரம் இல்லை.

வந்திறங்கிய அன்றே கேட்டேன். மருமகன் எஃப்ராயின் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு கறுத்துப்போன ஓவியத்தைக் காட்டினார். பொய்முடி வைத்த பெரியவர் ஒருவர் கையில் காகிதச் சுருளோடு நிற்கிறார். "இவர்தான் கட்டினார், 1748-இல்" என்றார். அந்தச் சுருளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வெறும் வண்ணம்தான் என்றார். பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்து, கும்பகோணம் பக்கம் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். ஓவியத்தை ஆதாரமாக வைத்து ஒரு சென்ட் நிலம்கூடப் பதிவு செய்ததில்லை.

மகள் மங்கை இங்கே விமானப் பாகங்கள் செய்யும் ஆலையில் பொறியாளர். எஃப்ராயினும் அங்கேதான். கல்யாணமாகி இரண்டு வருடம். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அதனால் நான் வந்திருக்கிறேன். ஆகஸ்ட் 28-க்குத் திரும்பும் டிக்கெட். கெரேதாரோ என்கிற இந்த ஊர் மெக்சிகோவின் நடுவில் இருக்கிறது. பழைய ஊர் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். ஸ்பானியர்கள் கட்டிவிட்டுப் போனது எதிலும் ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி வேண்டும்.

தெருவிலிருந்து பார்த்தால் வீடு அரண்மனை. ரோஜா நிறக் கல், இரும்புக் கம்பிச் சன்னல், யானை நுழையும் கதவு. உள்ளே நான்கு பக்கமும் வளைவுகளோடு முற்றம், நடுவில் தண்ணீர் வராத நீரூற்று. அதற்கப்புறம் பின்கட்டு. அங்கே மரக்கட்டைகளின் மேல் செங்கல் பரப்பிய கூரை கர்ப்பிணிப் பசுவின் வயிறு மாதிரித் தொங்குகிறது. ஓர் அறைக்கு முட்டுக்கொடுத்து, கதவில் சீல் வைத்திருக்கிறார்கள். போன வருடம் எஃப்ராயின் பழுதுபார்க்க நான்கு மூட்டை சிமென்ட் வாங்கி வைத்தார். பாரம்பரியக் கட்டடங்களில் சிமென்ட் ஆகாதாம். பாரம்பரிய அலுவலகத்திலிருந்து வந்து, கள்ளச்சாராயத்தைப் பிடிப்பதுபோல் மூட்டைகளைப் பிடித்து அறைக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த அறையில்தான் மங்கையும் எஃப்ராயினும் படுக்கிறார்கள்.

முறையாகப் பழுதுபார்க்கப் பங்குதாரர்கள் ஒன்பது பேரும் கையெழுத்திட வேண்டும். எஃப்ராயினுக்குப் பங்கு கிடையாது, குடியிருக்கிறார், அவ்வளவுதான். எட்டுப் பேருக்குப் பழுதுபார்ப்பதில் விருப்பமில்லை. ஓட்டல் கம்பெனி ஒன்றுக்கு விற்கவே விருப்பம். விற்பதற்கும் ஒன்பது கையெழுத்து வேண்டும். ஒன்பதாவது ஆள், எஃப்ராயினின் அத்தை ஒப்துலியா. எழுபத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், இதே வீட்டில் பிறந்து முன்கட்டு அறையில் இருக்கிறார். அவர் போட மாட்டேன் என்கிறார். இல்லை, அப்படிக்கூடச் சொல்வதில்லை. எதுவும் சொல்வதில்லை.

"நீங்க பேசுங்கப்பா. பகல் பூரா ரெண்டு பேரும் வீட்லதான இருக்கீங்க. ஆயுசு பூரா கையெழுத்து வாங்கினவர்தான நீங்க" என்றாள் மங்கை.

நியாயம்தான்.

மே 11, வியாழன்

காலை பத்து மணிக்கு முற்றத்தில், கைபேசி மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, முறைப்படி பேச்சைத் தொடங்கினேன். ஒப்துலியா முழுவதும் கேட்டார். எழுந்தார். கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு வரும்படி கையசைத்தார். நோட்டரியிடம்தான் போகிறோம் என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். முதல் நாளே காரியம் முடிந்தது என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

இருபது நிமிடம் வெயிலில் நடத்தி ஒரு மேட்டில் நிறுத்தி, குடையால் காட்டினார். நீர்ப்பாலம்.

எழுபத்து நான்கு வளைவுகள். இரண்டு தென்னை உயரம். பள்ளத்தாக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக நிற்கின்றன. ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று ஓர் இளம் கன்னிகாஸ்திரி குறைப்பட்டாளாம். அவள்மேல் மனம் வைத்திருந்த பிரபு ஒருவர் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர இதைக் கட்டினாராம். கதை என்றுதான் சொல்கிறார்கள். குடிநீர் வாரியங்கள் காதலால் இயங்குவதாக வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

"கட்டினப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டேன்.

"மடத்தில் இருந்தாள்" என்றார் ஒப்துலியா.

தந்தி அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவராம். மூன்று சொல்லில் முடிவதற்கு நான்காவது சொல்லைச் செலவழிக்க மாட்டார். எனக்கு அது வசதி. ஒரு வருடம் கைபேசியில் ஸ்பானிஷ் படித்தேன். "குதிரை ஆப்பிள் தின்கிறது" என்று சரளமாகச் சொல்வேன். குதிரைதான் இன்னும் எதிர்ப்படவில்லை.

மே 12, வெள்ளி

கையெழுத்துப் பேச்சை எடுத்தேன். குடையை எடுத்தார். சாந்தா ரோசா கோயில். வெளிச்சுவரைத் தாங்க முட்டுச்சுவர்கள் கட்டி, அவற்றைக் கோபக்காரத் தேள் வால் மாதிரிச் சுருட்டி விட்டிருக்கிறார்கள். சுவர் நிற்பதற்கு இவ்வளவு ஆத்திரம் தேவையா என்று தெரியவில்லை.

மே 15, திங்கள்

கையெழுத்து. 'நாய்வீடு' என்கிற மாளிகை. மழைநீர் விழும் குழாய்களுக்குக் கல்லில் நாய் செய்து வைத்திருக்கிறார்கள். கால் வலி.

மே 16, செவ்வாய்

பேச்சை எடுக்கவில்லை. பதினோரு மணிவரை காத்திருந்துவிட்டு அவரே குடையோடு வந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லையே என்றேன். "திறப்பீர்கள்" என்றார்.

மே 19, வெள்ளி

மங்கை கேட்டாள்: "ஏதாவது நகர்ந்துச்சாப்பா?"

"ஏழு கோயில், ரெண்டு மடம், ஒரு நீர்ப்பாலம்."

"கையெழுத்தைக் கேட்டேன்ப்பா."

"அந்தம்மா பிடிவாதக்காரி. நான் எத்தனையோ பாகப்பிரிவினை பார்த்திருக்கேன். அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டுச் சட்டை கிழிஞ்சு வந்து நிப்பாங்க. அவங்களைக்கூடச் சமாளிச்சிடலாம். இவங்க சண்டையே போட மாட்டேங்கறாங்க."

"வித்துட்டா தியா எங்க போவாங்கன்னு கவலைப்படறாங்களோ?" தியா என்றால் இங்கே அத்தை. "அதுக்குத்தான் லியோன்ல மரிசேலா வீடு இருக்கே. அவங்களோட அண்ணன் பொண்ணு. ரூம்கூட ஒழிச்சு வெச்சாச்சு."

"அவங்க சம்மதிச்சாங்களா?"

எஃப்ராயினைக் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "மாட்டேன் என்று சொல்லவில்லை" என்றார்.

கும்பகோணத்திலிருந்து மகன் குமரகுரு பேசினான். என் புத்தகப் பெட்டிகள் பதினொன்றையும் அவன் மாமனார் வீட்டு மாடியில் ஏற்றிவிட்டானாம். கரையான் மருந்து அடிக்கச் சொன்னேன்.

மே 23, செவ்வாய்

முன்னாள் அகஸ்தீனிய மடம்; இப்போது அருங்காட்சியகம். முற்றத்து மாடியைச் சுற்றித் தூணுக்குத் தூண் கல் மனிதர்கள் கையைத் தூக்கி விரலால் ஏதோ காட்டுகிறார்கள். பிரார்த்தனை என்கிறார்கள். எனக்கு ஏலத்தில் கைதூக்குவதுபோல் இருந்தது. அரைமணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கையில் கொண்டுவந்த வறுத்த வேர்க்கடலையை நீட்டினார். எலுமிச்சையும் மிளகாயும் போட்டது. தொந்தரவுதான், தும்மல் வந்தது. முழுப் பொட்டலமும் தீர்ந்தது.

தந்தி அலுவலக நினைவுகளைக் கேட்டேன். எந்தச் செய்தி அதிகம் வரும்? "சாவு" என்றார். அப்புறம், "கல்யாணம். அதற்கு வார்த்தை அதிகம்" என்றார்.

என் அலுவலகத்தில் எது அதிகம் என்று அவர் கேட்டார். விற்பனை என்றேன்.

மே 26, வெள்ளி

கையெழுத்து. பேரரசர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற குன்று. இன்றைய இடத்தில் எனக்கு ஏதோ குறிப்பு இருப்பதாகத் தொனிக்கிறது.

மே 30, செவ்வாய்

இன்று அவர் கூட்டிப்போன இடம் வழிகாட்டிப் புத்தகத்தில் நட்சத்திரம் போட்ட எதுவுமில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. நம் வீட்டைப்போலவே முகப்பு, முற்றம், வளைவுகள். அது ஓட்டலாகி மூன்று வருடமாகிறது. முற்றத்தில் வெள்ளைக் குடைகள், வெள்ளை நாற்காலிகள், எங்கிருந்தோ வரும் மெல்லிய இசை. நீரூற்றில் தண்ணீர் ஓடுகிறது. சுவர், கூரை, தூண் எல்லாம் அப்பழுக்கில்லை. சொல்லப்போனால் பிரமாதமாகப் பாதுகாத்திருக்கிறார்கள்.

ஒப்துலியா நேரே இடதுபக்க மூலை அறைக்குப் போய்க் கதவைத் தொட்டார். கதவில் "மசாஜ்" என்று பலகை. "சொகோர்ரோ" என்றார். யார் என்று கேட்டேன். தோழியாம். பள்ளிக்கூடத்திலிருந்து. இந்த அறையில்தான் இருந்தாளாம், விற்கும்வரை. இப்போது எங்கே என்றேன். குடையால் வடக்கே காட்டினார். அங்கே பேருந்து நிலையம் இருக்கிறது, கல்லறையும் இருக்கிறது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெயிட்டர் இளைஞர் பணிவாக வந்தார். "சென்யோரா, முற்றம் விருந்தினருக்கு மட்டும். நீங்கள் விருந்தினரா?"

"இருந்தேன்" என்றார் ஒப்துலியா.

திரும்பி நடந்தோம். வெயில் அதிகம். எனக்கு அந்த மசாஜ் பலகையின் எழுத்து அமைப்பு பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஜூன் 5, திங்கள்

கோடைமழை முதல் தூறல். பத்து நிமிடம்தான். மாலை மங்கை ஆலையிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்தவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அவள் தலை இருந்த இடத்தில் கூரையிலிருந்து ஒரு செங்கல் விழுந்தது. தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். மங்கை சுவரோரம் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஒப்துலியா செங்கல்லை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். 1748-ஆம் வருடத்துச் செங்கல். கனமானது.

மங்கையையும் எஃப்ராயினையும் என் அறைக்கு மாற்றினோம். நான் கூடத்தில், ஓவியத்துக்குக் கீழே.

ஜூன் 6, செவ்வாய்

காலை பத்து மணி. நான் எதுவும் கேட்கவில்லை. ஒப்துலியா குடை இல்லாமல் வந்து மங்கையின் எதிரே நின்றார்.

"போடுகிறேன்" என்றார்.

மங்கை அழுதுகொண்டே அவரைக் கட்டிக்கொண்டாள். எஃப்ராயின் எட்டுப் பேருக்கும் தொலைபேசியில் சொன்னார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். தோன் தாயுவின் பொறுமைக்குக் கிடைத்த வெற்றி என்றார் ஒரு சித்தப்பா. தோன் என்றால் ஐயா; தாயுமானவன் என்ற என் பெயரை இங்கே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

எடுத்த வேலை முடிந்தது. மகிழ்ச்சி. மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஊர் மிளகாய்க்கு வயிறு இன்னும் பழகவில்லை.

ஜூன் 9, வெள்ளி

நடை இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

நடை இல்லை. ஒப்துலியா பெட்டிகள் கட்டுகிறார். உதவட்டுமா என்றேன். "வேண்டாம்." பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டினால் பிற்பாடு தேட வேண்டியிருக்காது என்று அனுபவத்திலிருந்து சொன்னேன். அடுத்த பெட்டியை இழுத்தார்.

ஜூன் 16, வெள்ளி

நம் ஊரில் நோட்டரி என்றால் கோர்ட் வாசல் மரத்தடியில் ஸ்டாம்பு டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். இங்கே அவர் ஒரு குறுநில மன்னர். அர்ரெகுயின் என்று பெயர். அவர் அலுவலகமே இரண்டு முற்றம் வைத்த மாளிகை. அதன் கூரை தொங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

பங்குதாரர்கள் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். நறுமணம், கன்னத்தில் முத்தம், ஒப்துலியாவுக்கு ஆளாளுக்கு ஓர் அணைப்பு. லியோனிலிருந்து வந்த மரிசேலா, "அத்தைக்கு அறை தயார். சன்னல்கூட இருக்கிறது" என்றார். சன்னல் எதைப் பார்த்து என்று கேட்டேன். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து என்றார்.

நோட்டரி பத்திரத்தை உரக்கப் படித்தார். பதினெட்டுப் பக்கம். இங்கே அது சட்டம். நல்ல சட்டம்தான், ஆனால் அவர் படித்த வேகத்தில் எழுதியவருக்கே புரிந்திருக்காது. கடைசிப் பக்கத்தில், "அனைவருக்கும் சம்மதம்" என்று காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுப் பேனாவை நகர்த்தினார். எட்டுப் பேர் போட்டார்கள். பேனா ஒப்துலியாவிடம் வந்தது. மூடியைக் கழற்றினார். காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே பேனா நின்றது.

அடுத்து நடந்ததை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எழுதிக் கொடுப்பவர் பேனாவைத் தொடும்போது சார்பதிவாளர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதினெட்டு வருடம் தினமும் முப்பது, நாற்பது முறை கேட்டிருக்கிறேன். யார் முகத்தையும் பார்த்துக் கேட்டதில்லை. முத்திரைத்தாளைப் பார்த்துக் கேட்பேன், "ஆமாங்க" என்பார்கள், அடுத்த ஆள். பேனா தாளைத் தொடுவதைக் கண்டால் வாய் தானாகத் திறக்கும்.

திறந்தது.

"அம்மா, இதுல எழுதியிருக்கறது உங்களுக்குத் தெரியுமா? யாரும் உங்கள வற்புறுத்தலையே? சம்மதிச்சுத்தானே எழுதிக் குடுக்கறீங்க?"

முழுக்கத் தமிழில், அலுவலகக் குரலில். அறையில் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன கேட்கிறார்?" என்றார் ஒப்துலியா, மங்கையிடம்.

மங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை. பிறகு அவர் பக்கம் திரும்பி, நான் கேட்ட மூன்றையும் ஒவ்வொன்றாக ஸ்பானிஷில் சொன்னாள்.

ஒப்துலியா பேனாவை மூடினார். மேசையில் வைத்தார்.

"இல்லை" என்றார்.

மரிசேலா, "அத்தை!" என்று கத்தினார். சித்தப்பாக்கள் எழுந்தார்கள். ஒப்துலியா அவர்களைப் பார்க்கவில்லை. "குழந்தைக்காகப் போட வந்தேன். கேட்டார். சொன்னேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட உரை.

நோட்டரி கண்ணாடியைக் கழற்றினார். "இவர் யார்?"

"என் மாமனார்" என்றார் எஃப்ராயின். இதைவிடச் சோர்வான குரலில் யாரும் என்னை அறிமுகப்படுத்தியதில்லை. "இந்தியாவில் சொத்துப் பதிவாளர்."

நோட்டரி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். மற்றவர்களிடம் திரும்பி, காதால் கேட்டபின் இனி இதைத் தான் எழுத முடியாது என்றார். அவர் கை வியர்த்திருந்தது.

காரில்:

"உங்கள அங்க யாருப்பா கேக்கச் சொன்னா?"

"வாய்ப் பழக்கம்மா."

"ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு! எங்க கல்யாணத்துல நாங்க ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடறப்ப இந்த வாய் எங்க போச்சு?"

"அது வேற துறை."

"சிரிக்காதீங்க. தலைமேல செங்கல் விழற வீட்ல புள்ளையப் பெத்துக்கச் சொல்றீங்களா? பேத்தி பொறந்தா தலையில ஹெல்மெட்டோட தொட்டில்ல போடவா?"

நான் சிரிக்கவில்லை. "நீ வேற ஏதாவது மாத்திச் சொல்லியிருக்கலாமேம்மா. எனக்கு என்ன தெரியப்போகுது" என்றேன்.

கொஞ்ச தூரம் போனபின் சொன்னாள். "எப்படிப்பா மாத்தறது? நீங்கதான் கேட்டுட்டீங்களே."

ஜூன் 17, சனி

மங்கை பேசவில்லை. எஃப்ராயின் வழக்கம்போலப் பேசுகிறார். அது இன்னும் மோசம்.

ஜூன் 18, ஞாயிறு

ஓட்டல் கம்பெனி வேறு வீடு பார்த்துக்கொண்டதாம். எட்டுப் பேரில் ஐந்து பேர் எஃப்ராயினின் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். பழுதுபார்க்கும் மனுவில் இனி அவர்கள் ஜென்மத்துக்கும் கையெழுத்திட மாட்டார்கள். தூறல்.

ஜூன் 19, திங்கள்

இனி கேட்பதற்குக் கையெழுத்து இல்லை. ஆகவே காட்டுவதற்குக் கட்டடமும் இல்லை. ஒப்துலியா அறையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நாள் முழுக்கக் கூடத்தில் பொய்முடிக்காரருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் பொழுது போக்க ஒரு வழியும் இல்லை.

ஜூன் 21, புதன்

பத்து மணிக்கு அவர் அறை வாசலில் நின்று, "கையெழுத்து விஷயமாக" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடையை எடுத்தார்.

மீண்டும் நீர்ப்பாலம். ஏற்கெனவே பார்த்ததுதான். வளைவுகளை நானே எண்ணினேன். எழுபத்து இரண்டுதான் வந்தது. அவர் எண்ணினார். எழுபத்து ஐந்து. இன்னொரு நாள் வந்து சரிபார்க்க வேண்டும்.

ஜூன் 25, ஞாயிறு

குமரகுரு பேசினான். மங்கை சமையலறையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் தவறு. கும்பகோணம் வீட்டை இடித்து முடித்துவிட்டார்களாம். அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். என் பழைய சாவிக்கொத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "எதுக்குப்பா சாவி, கதவே இல்லையே" என்று சிரித்தான். அவன் எப்போதும் கலகலப்பானவன்.

வைத்ததும் மங்கை வந்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"எந்த வீடுப்பா?"

"நம்ம வீடுதான். ஜனவரில தம்பி பேர்ல எழுதிக் குடுத்தேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"பத்திரத்துல நீ சாட்சி இல்லையேம்மா."

"திரும்பிப் போய் எங்க இருப்பீங்க?"

"குமரகுரு வீட்டு மாடில ஒரு ரூம். சன்னல் இருக்கு."

அடுப்பை அணைத்தாள். "ரிஜிஸ்தர் பண்றப்ப உங்கள அந்தக் கேள்வி கேட்டாங்களாப்பா?"

"கேட்டிருப்பாங்க. சட்டம்ல" என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன்.

பதிவு செய்தவர் சுகந்தன். என்னிடம் எட்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, பால் வாங்கிவரச் சொன்னார். பத்திரத்தை எடுத்தார், வாயைத் திறந்தார், என்னைப் போய் அப்படிக் கேட்பதா என்று கூச்சப்பட்டு நேரே விரல்ரேகைக்குப் போய்விட்டார். மரியாதை தெரிந்தவர். கேட்டிருந்தால் நான் "ஆமாம்" என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஒழுகவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

பிற்பகல் நான்கு மணி. இரண்டு மணி நேரக் கனமழை. சீல் வைத்த அறையின் கூரை மொத்தமாக விழுந்தது. சீல் வைத்திருந்ததால் உள்ளே யாரும் இல்லை. யாருக்கும் காயமில்லை. சீலுக்கும் காயமில்லை; கதவில் அப்படியே இருக்கிறது, கதவுக்குப் பின்னால் வானம்.

மங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒப்துலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஃப்ராயின் படம் எடுத்தார்.

ஜூலை 3, திங்கள்

பாரம்பரிய அலுவலகத்திலிருந்து இன்று காலை எட்டரைக்கே வந்துவிட்டார்கள். கூரை விழப்போகிறது என்று இரண்டு வருடம் கொடுத்த மனுக்களுக்கு எட்டுக் கையெழுத்து குறைவாக இருந்தது. விழுந்துவிட்டது என்பதற்கு ஒன்றும் குறையவில்லையாம். விழுந்தால் அது அவசரநிலை. பக்கத்து அறையையும் சேர்த்து அலுவலகமே கட்டைகள் கொண்டுவந்து சுண்ணாம்புப் பூச்சோடு கட்டித் தரும். பங்குதாரர்கள் சம்மதம் தேவையில்லை, வீட்டில் குடியிருப்பவர்கள் சம்மதித்தால் போதும்.

"அப்படியானால் போன வருடமே நாங்களே இடித்துவிட்டிருக்கலாமா?" என்று எஃப்ராயின் கேட்டார்.

ஆய்வாளர் அதிர்ச்சியடைந்தார். அது குற்றம் என்றார்.

ஜூலை 6, வியாழன்

ஆய்வாளர் படிவத்தோடு வந்தார். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் இந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்போர் பட்டியல். ஒவ்வொருவரும் படித்துச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். பட்டியலை ஒப்துலியா எழுதினார். தந்தி அலுவலகக் கையெழுத்து, அச்சடித்ததுபோல். ஒப்துலியா. எஃப்ராயின். மங்கையர்க்கரசி. நான்காவதாக என் பெயர்.

ஆட்சேபம் தெரிவித்தேன். நான் விருந்தாளி. ஆகஸ்ட் 28-க்கு டிக்கெட் இருக்கிறது. அரசுப் படிவத்தில் உண்மைக்கு மாறான தகவல் தருவது எந்த நாட்டிலும் தவறு. ஒப்துலியா கேட்டுக்கொண்டார், பெயரை அடிக்கவில்லை.

ஆய்வாளருக்கு அவசரம். "சரி ஐயா, குடியிருப்பவர் இல்லையென்றால் விருந்தினர் என்று போடுகிறேன். உங்கள் நிரந்தர முகவரி சொல்லுங்கள்."

கதவு எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன்.

மங்கை என்னையே பார்த்தாள். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டிக்கெட் தேதியை மாற்றலாம், விசாவை நீட்டிக்கலாம் என்று எஃப்ராயின் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். யாரும் கேட்காத தகவல்.

படிவத்தைக் கொடுங்கள் என்றேன். முழுவதும் படிக்காமல் நான் எதிலும் கை வைப்பதில்லை. அகராதியை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் படித்தேன். ஆய்வாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் வீட்டின் வடக்கு எல்லையைத் தெற்கு என்று போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி, திருத்தத்துக்குப் பக்கத்தில் அவரைச் சுருக்கொப்பம் இடச் சொன்னேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு இட்டார். இந்த ஊரில் யாருக்கும் ஒரு பத்திரத்தை ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. யாராவது இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான்காவது பெயருக்கு நேரே கையெழுத்திட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை.